காற்று நின்ற நேரம்

"காற்றை நம்பித் தண்ணீர் இறைக்க முடியுமா, சார்?" என்று முன்பு ஒரு மாணவன் கேட்டான். காற்றின் நேரம் தெரிந்தால் முடியும் என்றேன்.

இன்று நண்பகலில், அடையாற்றுக் கீரைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாலையின் உச்சியில் தோட்டக்காரர் முனுசாமி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மேற்கிலிருந்து வீசிய மேல்காற்று நின்றிருந்ததால் இறக்கைகளைக் கட்டவில்லை. அவை சுழன்றால் தலை தப்பாது.

"இறங்குங்க முனுசாமி, கடல்காத்து வரப்போவுது" என்று கீழிருந்து கத்தினேன்.

"இன்னா வாத்யாரே, இலைகூட ஆடல."

"வெயில் காலத்துல இந்த அமைதி, கடைசி மணிக்கு முன்னால வகுப்பு அடங்கின மாதிரி. இறங்குங்க."

பாதி ஏணி இறங்கியிருப்பார். தலைக்கு மேல் இறக்கைகள் விர்ரென்று சுழன்றன. மேலே விட்டுவந்த எண்ணெய்க் குப்பி என் தோளில் பட்டு, எண்ணெயைச் சிந்தி விழுந்தது.

ஏணியைப் பிடித்தபடி, "ஒங்களுக்கும் எண்ணெய் போட்டாச்சு வாத்யாரே" என்றார்.

மாணவர்களே, நாளை நண்பகலில் காற்று நின்றதும் ஈரத்துண்டைக் கொடியில் போட்டு, அது எந்தப் பக்கம் ஆடுகிறதென்று எழுதுங்கள்.