இடது நாலு, வலது ஆறு

என் அக்காவை ஊர் முழுக்க 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனவர்களைப் படுக்கவைக்கும் வார்டில் இருபத்து நாலு வருஷமாக நர்ஸ். கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்க, போகிறவன் வருகிறவனெல்லாம் உரிமையோடு சிஸ்டர் என்பதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொன்னால், "நீ என்னைக்காவது என்னை மதிச்சுக் கூப்பிட்டிருக்கியாடி? அவங்களாவது கூப்பிடட்டும்" என்பாள்.

அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு வேண்டும். வார்டில் அப்படித்தான் பழக்கம். பிரித்த டப்பாவில் பாதி ஊசி மிஞ்சினால் ஒரு சீட்டு எழுதி ஸ்டோருக்குத் திருப்பிவிடுவார்கள். ஸ்டோர்க்காரரும் ஏன் எதற்கென்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்வார். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. பால் பாட்டிலில் 'திறந்தது காலை ஆறு மணி' என்று இருக்கும். ஒரு தரம் மாமா (அவள் கணவர், பஸ் டிப்போவில் மெக்கானிக்) தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் சட்டைப் பையில் 'எழுப்ப வேண்டாம்' என்று ஒரு சீட்டு. அதை அவள் சொருகியதிலேயே மனுஷர் முழித்துக்கொண்டார்.

இத்தனை எழுதுகிறவள், ஒன்றை மட்டும் எங்கும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. அவளுடைய பாதங்கள். மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இடது கால் கொஞ்சம் பின்தங்கிவிட்டது. வலது பாதம் ஆறாம் நம்பர், இடது பாதம் நாலாம் நம்பர். கடையில் ஜோடியைப் பிரித்துத் தர மாட்டார்கள் இல்லையா? அதனால் ஆயுசு முழுக்க ஆறாம் நம்பர் ஷூ வாங்கி, இடது பக்கம் பஞ்சைத் திணித்துக்கொண்டு நடந்தாள். உடை மாற்றும் அறையில் எல்லோரும் போன பிறகுதான் ஷூவைக் கழற்றுவாள். கூட வேலை பார்க்கிறவர்களுக்கே தெரியாது. எனக்கும் மாமாவுக்கும் தெரியும், அவ்வளவுதான்.

போன வருஷம் அவளுக்கு இடுப்பு வலி வந்தது. பஞ்சு வைத்த ஷூவில் பாதம் உள்ளுக்குள் வழுக்கி வழுக்கி, இடுப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுப் பட்டென்று சொல்லிவிட்டார். "கால் அளவுக்கு ஷூ போடுங்க. இல்லன்னா மூணே மாசம், வார்டை விட்டுட்டு ஃபைல் ரூமுக்கு மாத்தி எழுதிடுவேன்."

அக்கா அழுது நான் பார்த்தது மிகவும் குறைவு. அன்று அழுதாள். "ஃபைல் ரூம்ல யாருடி என்னை சிஸ்டர்னு கூப்பிடுவா?" என்று கேட்டாள். நானும் அழுதால் வீடு தாங்காது என்பதால் திட்டினேன்.

மாமா சமாதானம் சொல்ல வந்தார். "இன்னும் கொஞ்சம் பஞ்சு வெச்சுப் பாரேன். ஆஸ்பத்திரில ஓசிலதானே கிடைக்குது?" நாங்கள் இருவரும் பார்த்த பார்வையில் டிப்போவுக்கே கிளம்பிவிட்டார்.

அளவெடுத்துச் செய்து தருகிறவரிடம் விசாரித்தோம். அவர் சொன்ன விலைக்கு ஷூ இல்லை, மோட்டார் சைக்கிளே வாங்கலாம். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. ஆன்லைனில் நர்ஸ்களுக்கென்றே வெள்ளை ஷூ விற்கிறார்கள். வழுக்காது, எடையும் கிடையாது. நாலாம் நம்பரில் ஒன்று, ஆறாம் நம்பரில் ஒன்று, ரெண்டு ஜோடி வாங்கிவிட்டால் என்ன? ஒரு ஜோடிக்குப் பணம் இருந்தது. இன்னொன்றுக்கு, மாமாவின் சொத்தைப் பல்லுக்கு மூடி போட எடுத்து வைத்திருந்த பணத்தில் கை வைத்தோம். அவரிடம் கேட்டுத்தான் வைத்தோம், அவர் தலையை ஆட்டினார். பல் வலியில் ஆட்டினாரோ என்னவோ.

ஷூ வந்தது. இடது காலில் நாலு, வலது காலில் ஆறு. கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றவள், ஹாலுக்கும் சமையலறைக்கும் பத்துத் தரம் நடந்தாள். பஞ்சு இல்லை. நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக ரெண்டு காலுக்கும் ஷூ சரியாக இருக்கிறது. "ஏய், என் விரல் நுனி ஷூவுல படுதுடி!" என்று கத்தினாள்.

அதற்குப் பிறகுதான் அவள் அந்த வேலையைச் செய்தாள். மிஞ்சிய ரெண்டையும், அதாவது இடது ஆறையும் வலது நாலையும், ஒரே பெட்டியில் போட்டு மூடி, மேலே ஒரு சீட்டு எழுதினாள். 'இரண்டு ஜோடி பெற்றேன். ஒரு ஜோடி பயன்படுத்தவில்லை. திருப்பி அனுப்புகிறேன்.' கீழே கையெழுத்து, தேதி, நேரம்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? இதை எவன் வாங்குவான்?"

"ஏன் வாங்க மாட்டான்? ரெண்டு ஜோடி வாங்கினேன், ஒரு ஜோடி குடுக்கறேன். போட்டுக்கூடப் பாக்கலை. எங்க ஸ்டோர்ல வாங்கிக்குவாங்களே."

"அது உங்க ஸ்டோர்!"

"நீ அனுப்புடி சும்மா."

அவளுக்கு டூட்டி, நான் வீட்டில் திரைச்சீலை தைக்கிறவள். ஆக, அனுப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. முதலில் ஒரு தாளை அச்செடுத்து ஒட்ட வேண்டுமாம். ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்; அங்கே மை இல்லை. அடுத்த கடையில் மை இருந்தது, கரண்ட் இல்லை. ஒருவழியாக ஒட்டினால், வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்ன ஆள் வரவில்லை. 'வந்தோம், வீட்டில் ஆள் இல்லை' என்று போனுக்குச் செய்தி மட்டும் வந்தது. என் தையல் மெஷின் தெருவைப் பார்த்த ஜன்னலோரம் இருக்கிறது. காலையிலிருந்து தெருவில் போன நாய்களைக்கூட எண்ணிச் சொல்வேன். இப்படியே மூன்று நாள் புளுகினான் படுபாவி.

நாலாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே பார்சல் ஆபீஸுக்குப் போனேன். மூன்று தெரு தள்ளி, ஷட்டர் போட்ட ஒற்றை அறை. கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்ட ஒரு கவுண்ட்டர்க்காரர், பெட்டியை எடை போட்டார். பிறகு டேப் பிடித்து நீளம், அகலம், உயரமும் அளந்தார்.

"எடை கம்மிதான்மா. ஆனா பெட்டி பெருசு. இடத்துக்குத்தான் காசு."

"உள்ள பாதி காத்துங்க!"

"காத்துக்கும் சேத்துத்தான்."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்? கட்டிவிட்டு வந்தேன். ஒன்பதாம் நாள், போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோட. பெட்டியின் மேல் 'ஜோடி பொருந்தவில்லை' என்று முத்திரை குத்தியிருந்தது. திரும்பி வந்த கூலியையும் நாங்களே கட்டணுமாம்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் தேனாகப் பேசினாள். "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது மேடம்."

"புரிஞ்சா ஏம்மா திருப்பி அனுப்பினீங்க?"

"உங்க சிரமம் புரியுது மேடம்."

அக்கா விடவில்லை. நீளமாக இன்னொரு சீட்டு எழுதி மறுபடி அனுப்பச் சொன்னாள். அதில் எல்லாம் இருந்தது, காலைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. "அதை எழுதினாத்தானே அவனுக்குப் புரியும்?" என்றேன். "அதெல்லாம் எதுக்கு ஊருக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டி மறுபடி போனது, மறுபடி வந்தது. இந்தத் தடவை தேன்குரல்காரி முடிவாகச் சொல்லிவிட்டாள். நாலோ ஆறோ, போட்டதானாலும் சரி, ஏதாவது ஒரு முழு ஜோடியை அனுப்பினால் பணம் வரும். முப்பது நாள் கெடு நாளை மாலை ஐந்து மணியோடு சரி.

மறுநாள் அக்கா டூட்டி முடிந்து நேராகப் பார்சல் ஆபீஸுக்கு வந்தாள். காலில் அந்த ஷூ. என் மடியில் அந்தப் பெட்டி. ஒரு முழு ஜோடி வேண்டுமென்றால் அவள் காலில் இருப்பதில் ஒன்றைக் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றினால் மறுபடி பஞ்சு. பஞ்சு என்றால் ஃபைல் ரூம்.

"வேணாங்க்கா," என்றேன்.

"அவருக்குப் பல்லுடி. ராத்திரி வெந்நீரை வாயில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். என்னால பாக்க முடியல."

எங்கள் முறை வந்தது. கவுண்ட்டர்க்காரருக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே சிரிப்பு. "மறுபடியுமா? இந்த வாட்டி ஜோடி சரியா இருக்காம்மா?"

"இருங்க, தரேன்," என்று அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். எங்களுக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் குனிந்து, இடது ஷூவின் கயிற்றை அவிழ்த்து, காலை வெளியே எடுத்தாள். காலுறைக்குள் சின்னப் பிள்ளையின் பாதம் மாதிரி இருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "என்ன வேடிக்கை? அவங்கவங்க பார்சலைப் பாருங்க!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இருடி," என்றாள் அக்கா. வார்டில் பேசுகிற குரல் அது. ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்ட்டர்க்காரரிடம் திரும்பினாள். "பாருங்க சார், எனக்கு இடது கால் நாலு, வலது கால் ஆறு. பொறந்ததுல இருந்து இல்ல, மூணு வயசுல இருந்து. அதான் ரெண்டு ஜோடி."

நாற்பத்து நாலு வருஷமாக யாருக்கும் சொல்லாததை, காத்துக்கும் காசு வாங்குகிற மனுஷனிடம் சொல்லிவிட்டாள்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். ஷூவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். "சொன்னாலும் ரூல்ஸ் ரூல்ஸ்தான். நான் என்ன செய்ய, அனுப்பறது மட்டும்தான் என் வேலை. ஆனா ஒண்ணு, இதை அனுப்பாதீங்க."

"அனுப்பலன்னா பணம் வராதே சார்."

"வர்ற பணத்துல போற கூலி, வந்த கூலியெல்லாம் கழிச்சா பாதிகூட நிக்காதும்மா. அப்புறம் உங்க இஷ்டம்."

அக்கா போனை எடுத்தாள். மாமாவின் குரல் எனக்கே கேட்டது. டிப்போ இரைச்சலில் எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"என்னங்க, இதைத் திருப்பாம வெச்சுக்கட்டுமா? உங்க பல்லு..."

"விழுந்தா விழட்டும் போ! இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு. நீ ஷூவை மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வா!"

பஞ்சு வைக்கச் சொன்ன மனுஷரா இவர்! அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. அக்கா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தச் சின்ன ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலில் மாட்டி, கயிற்றை ரெண்டு முடிச்சாகப் போட்டாள்.

"அப்ப அந்த ரெண்டையும் என்னம்மா செய்வீங்க?" என்று கவுண்ட்டர்க்காரர் கேட்டார்.

"வார்டு போர்டுல எழுதிப் போடறேன். எனக்கு இடது கால் மாதிரி, வலது கால் சின்னதா ஒருத்தி எங்கயாவது இல்லாமயா போயிடுவா?" என்றவள், பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அவள் தெருமுனைக்கே போய்விட்டாள். சின்ன வயதிலிருந்து அவளோடு எங்கே போனாலும், அவளுக்குத் தெரியாமல் என் நடையைக் குறைத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறேன். பள்ளிக்கூடம், கடை, கல்யாணம், சாவு, எங்கும் அப்படித்தான். அது என் காலுக்கே பழகிப்போயிருந்தது.

"அக்கா, நில்லு!" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், நிற்கவில்லை.

"வேகமா வாடி!" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.