பூசாமல் விட்ட மேற்குச் சுவர்

பள்ளிக்கூடம் கட்டுகிறவனுக்கு எஜமானர்கள் ஏராளம். படம் அனுப்புகிறவர், நிலம் கொடுத்தவர், பாடம் நடத்துகிறவர் என்று ஆளாளுக்கு ஒரு சொல் உண்டு, உள்ளே உட்கார்ந்து படிக்கப்போகிற குழந்தையைத் தவிர.

என்னைப் போல மராமத்து ஓவர்சியராகக் காலம் தள்ளியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாரோ எங்கோ வரைந்த படத்துக்கு நாம் சுவர் எழுப்ப வேண்டும், வசவையும் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். நான் பாலக்காட்டு அக்கிரகாரத்துக்காரன். மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம் கட்ட என்னை அனுப்பினார்கள். ஆறே மாத வேலை என்றார்கள். அது ஏன் அதற்குள் முடியவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மேற்கே பார்த்த வாசல்

படம் கடற்கரைப் பட்டணம் ஒன்றிலிருந்து வந்தது. வாசல் மேற்கே என்று போட்டிருந்தது. "மேக்கால வேண்டாமுங்க" என்று கொத்தனார் நாச்சிமுத்து ஆரம்பத்திலேயே சொன்னார். எனக்கு அப்போது உத்தியோகத் திமிர் கொஞ்சம் ஜாஸ்தி. படத்தில் இருப்பதுதான் வேதம் என்று சொல்லி நிலையை நிறுத்த வைத்தேன்.

வைகாசிக் கடைசியில் மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பியது. கட்டடத்தைப் பார்க்க வந்த வாத்தியாரின் குடை அவர் கையை விட்டுப் பறந்து, வாசல் வழியாக நுழைந்து, எதிர் ஜன்னல் வழியாக வெளியேறி, பொள்ளாச்சி ரோட்டில் ஓடியது. வாத்தியார் குடையின் பின்னால் ஓடினார், நான் வாத்தியாரின் பின்னால் ஓடினேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது நாச்சிமுத்து படத்தை விரித்து வைத்துக்கொண்டு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க சாமி, இந்தப் படத்துல காத்தை எந்தப் பக்கமுங்க வரைஞ்சிருக்காங்க?"

ஜன்னல் உயரம்

வாசலை வடக்கே மாற்றினேன். அடுத்தது ஜன்னல். படத்தில் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருந்தது. பிள்ளைகள் வெளியே பராக்குப் பார்க்க மாட்டார்கள் என்று வாத்தியாருக்கும் அதில் பரம திருப்தி. ஒருநாள் மத்தியானம் சுவரில் சாய்ந்து கட்டுச்சோறு சாப்பிட உட்கார்ந்தேன். தரையில் உட்கார்ந்த மாத்திரத்தில் கட்டடமே வேறாகிவிட்டது. மடியில் இருந்த சோறு இருட்டில் கிடந்தது, வெளிச்சமெல்லாம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. குழந்தைகள் இந்த இருட்டில்தானே சிலேட்டு வைத்து எழுதுவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

சுண்ணாம்பு சுமக்கும் ரங்கன் சேரியிலிருந்து வேலைக்கு வருகிறவன். அவன் மகள் வேலாத்தாளுக்கு எட்டு வயசு இருக்கும், அப்பனுக்குக் கஞ்சி கொண்டுவருவாள். அவளைக் கூப்பிட்டு அங்கே உட்கார், இங்கே உட்கார் என்று ஏவினேன். போர்டு வரப்போகிற இடத்தில் ஒரு வரி எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டு தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்று மட்டும் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தே விட்டாள். எங்கே கற்றாய் என்றேன். பள்ளிக்கூடம் அப்போது ஒரு ஓலைக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. அதன் தட்டிக்கு வெளியே படுத்து, அடியில் இருந்த சந்து வழியாகக் கேட்டுக் கற்றாளாம். வாத்தியார் கீழே போட்ட சிலேட்டை அந்தச் சந்து வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். ஜன்னலை இரண்டடிக்கு இறக்கச் சொன்னேன். எழுந்து போகும்போது அவள் சொன்னாள்: "இங்க உக்காந்தா வாத்தியார் மூஞ்சி தெரியுமுங்க, சாமி. அங்க கால் மட்டுந்தான் தெரியும்."

சாய்ப்பு

நிலம் கொடுத்தவர் ஊர்க்கவுண்டர். கெட்டவர் இல்லை, ஆனால் ஊர் வழக்கத்தை விட்டு ஒரு அடி நகராதவர். சேரிப் பிள்ளைகள் படிக்கட்டும், ஆனால் வெளியே சுவரை ஒட்டித் தனியாக ஒரு சாய்ப்புக் கூரை இறக்கிவிடுங்கள் என்றார். அவர் இரண்டாம் தரம் கேட்கும்படி நான் வைக்கவில்லை. என் கையாலேயே வரைந்தேன். வடக்கே வாசல், தெற்கே கிணறு, கிழக்கே ரோடு. மிச்சம் இருந்தது மேற்குதான். யோசிக்காமல் அங்கே போட்டேன்.

அதற்கும் சுண்ணாம்பு சுமந்தவன் ரங்கன்தான். எதற்கு இது என்று கேட்டான். உன் மகள் உட்காரத்தான் என்று, ஏதோ என் சொத்தில் பாதியை எழுதிவைக்கிறவன் மாதிரிப் பெருமையாகச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தான். அவன் குத்திப் பேசவில்லை, தெரியாமல்தான் கேட்டான். அதனால்தான் இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "மேக்கால காத்துன்னு வாசலையே மாத்துனீங்களே சாமி, எம்புள்ளைக்கு மட்டும் அந்தக் காத்து ஆகுமுங்களா?"

கொட்டகை பறந்தது

சாய்ப்பு கால் நட்டதோடு நின்றது. ஓடு வரவில்லை என்று கவுண்டரிடம் புளுகினேன். ஆனால் சாய்ப்பும் இல்லையென்றால் வேலாத்தாளுக்குப் பழையபடி தட்டியின் சந்துதான் கதி. என்ன செய்வது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஆடிக் காற்று வந்து அந்த ஓலைக் கொட்டகையையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, அன்று பள்ளிக்கூடம் இல்லை. புதுக் கட்டடத்துக்குக் கூரை ஏறியிருந்தது, உள்பூச்சுதான் பாக்கி. மறுநாளே பிள்ளைகள் அங்கே குடியேறினார்கள்.

ஒரு மூலையில் பாடம், மறு மூலையில் பூச்சு வேலை. ரங்கன் கூடையோடு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தான். கஞ்சிக் கலயத்தோடு வந்த வேலாத்தாள் மேற்குச் சுவரோரம் மணல் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கவுண்டர் என்ன சொல்வாரோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம்: எந்தக் கட்டடமானாலும் வேலை முடிந்து புண்ணியார்ச்சனை என்கிற சுத்திச் சடங்கு ஆகும்வரை அது வெறும் வேலைத்தலம், யாரும் எங்கும் போகலாம். கவுண்டர் ஒருதரம் எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சிரித்தார். "பயப்படாதீங்க சாமி. வேலை நடக்கற ஊட்டுல தீட்டுப் பாத்தா செவுரு எந்திரிக்குமுங்களா?"

ஈரம்

அன்பர்களே, அந்தக் கணத்தில் எனக்கு வந்த புத்தி என் சர்வீசிலேயே ஒருதரம்தான் வந்தது. வேலை முடிந்தால்தானே புண்ணியார்ச்சனை? புண்ணியார்ச்சனை ஆனால்தானே வேலாத்தாள் வெளியே போக வேண்டும்? நாச்சிமுத்துவைத் தனியே அழைத்தேன். பாதி சொல்லும்போதே அவருக்கு முழுதும் புரிந்துவிட்டது. மூன்று சுவர்களைக் கண்ணாடிபோல் பூசினார். மேற்குச் சுவரில் மூன்று முழம் மட்டும் கல் தெரிய விட்டார். "மேற்குச் சுவரில் ஈரம், காய்ந்தபின் பூசப்படும்" என்று மேலிடத்துக்கு எழுதினேன். அடுத்த மாதமும் அதையே எழுதினேன். கோடையிலும் எழுதினேன்.

வேலைத்தலம் என்றால் வேலைக்காரர்கள் வேண்டுமே. சேரியிலிருந்து இன்னும் ஐந்தாறு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கை மணலோடு வந்தார்கள். மணலைக் குவியலில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். கவுண்டரின் பேத்தி துளசிக்குக் கண்பார்வை குறைவு. போர்டு தெரியாததால் எல்லோரும் அவளை மந்தம் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். வேலாத்தாள் போர்டை வாய்விட்டுப் படிப்பது காதில் விழ, அவள் நாளுக்கு ஒரு சாணாகப் பாயை நகர்த்தி அந்தச் சுவரோரமே வந்து சேர்ந்தாள். நகர்த்தாதே என்று யாரும் சொல்லவில்லை. வருஷம் ஒன்று ஓடியது. வாத்தியாரும் எங்கள் பாலக்காட்டுக்காரர், மூக்குப்பொடி டப்பியைத் தட்டிக்கொண்டே ஒருநாள் என்னிடம் சொன்னார்: "என்ன ஓய், உம்ம வேலைக்காரா அத்தனை பேரும் ஏழாம் வாய்ப்பாடு தாண்டியாச்சு. சுவர் மட்டும் இருந்த எடத்துலேயே நிக்கறது!"

கவுண்டரின் கட்டைவிரல்

கடைசியில் மேலிடம் விழித்துக்கொண்டது. பங்குனிக்குள் வேலையை முடித்துத் திறப்புவிழா நடத்த வேண்டும், முடிந்ததற்கு நிலம் கொடுத்தவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கடிதம் வந்தது. அதைக் கவுண்டர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றார் அவர். அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை. நாச்சிமுத்து சுண்ணாம்பைக் குழைத்து வைத்துவிட்டு அதன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

காலையில் கவுண்டர் தனியாக வந்தார். உள்ளே வரவில்லை. நான் இரண்டடிக்கு இறக்கிய ஜன்னலுக்கு வெளியே தடியை ஊன்றி நின்றார். உள்ளே வேலாத்தாள் போர்டைப் பார்த்து ஒரு வரி சொல்ல, துளசி அதைச் சிலேட்டில் எழுதி, எழுதியதைக் கண்ணருகே வைத்துத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். மந்தம் என்று கைகழுவிய பேத்தி தட்டுத் தடங்கல் இல்லாமல் படிப்பதை அந்த மனிதர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, கருவாடாய்க் காய்ந்து கிடந்த அந்த மூன்று முழச் சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலில் ஒட்டிய தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ஏனுங்க சாமி, செவுத்துல ஈரம் நல்லாவே இருக்குதுங்க. இந்த ரெண்டு புள்ளைகளும் படிச்சு முடிக்கற வரைக்கும் காயாதுன்னு எழுதி அனுப்பியுடுங்க, கையெழுத்து நான் போட்டுத் தாரேன்."

நான் முறைப்படி முடித்துக் கொடுத்த கட்டடங்களில் பல இடிந்தே போய்விட்டன, முடிக்காமல் விட்ட அந்த ஒன்றைத்தான் நான் கட்டிய பள்ளிக்கூடம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.