மழைக்கு மூடிய கேரவன்

லெப்பைக்குடிக்காட்டில் அப்துல் சலாம் வீடு எது என்று கேட்டால் நாலு தெருவைக் காட்டுவார்கள். கேரவன் பாய் வீடு என்று கேட்டால் ஒரே விரல் ஒரே கதவைத்தான் காட்டும்.

அந்தப் பெயர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அவர் குவைத்தில் ஒரு அரபி வீட்டில் டிரைவர். டிரைவர் என்பது விசாவில் எழுதியிருந்த வேலை. உண்மையான வேலை, அரபியின் ஒன்பது கேரவன்களைப் பார்த்துக்கொள்வது. குளிர் காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் சக்கரம் வைத்த அந்த வீடுகளைப் பாலைவனத்துக்கு இழுத்துப்போய் மாதக்கணக்கில் விருந்து கொண்டாடுவார்கள். வெயில் ஏறியதும் அங்கேயே விட்டுவிட்டு ஏசிக்குள் ஓடிவிடுவார்கள். வெயில் முடியும்வரை ஒரு மணல் துகள் உள்ளே போகாமல் ஒன்பதையும் மூடிக் கட்டிக் காப்பது சலாம். அதில் அவரை அடிக்க ஆளில்லை.

இந்தப் பெருமைக்கு நடுவே மகள் ஃபஹ்மிதா பிறந்ததைப் போனில் கேட்டார். நடக்க ஆரம்பித்ததைப் போட்டோவில் பார்த்தார். மூன்று வயதில் நேரில் பார்த்தபோது அவள் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய், "இந்த மாமா எப்பம்மா அவங்க வூட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டாள். மனைவி ஹஃபீசா சிரித்தாள். சலாமும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் கை கழுவினார்.

போன வருடம் ஒரு முடிவோடு ஊருக்கு வந்தார். கரூரில் பஸ் பாடி கட்டுகிற ஒருவரிடம் சொல்லி ஒரு கேரவன் கட்டினார். ரெண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கக்கூஸ். அதன் கழுத்து லாரியின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். லாரி எங்கே போகிறதோ அங்கே வீடும் போகும். காரை கிராமத்துப் பக்கத்து ஓடைகளில் நத்தை மாதிரி சுருண்டு கல்லாகிப்போன கடல் உயிர்களைப் பார்க்க, பத்துக் கோடி வருடத்துக்கு முந்தின கடலைத் தேடி, காலேஜ் காலேஜாக ஆட்கள் வருகிறார்கள். தங்க இடமில்லாமல் பெரம்பலூர் லாட்ஜுக்கும் காட்டுக்குமாக அலைகிறார்கள். அவர்களுக்கு இந்த வீடு. ஜனவரியில் தொடங்கி முழுசாக ஒரு மாதத்துக்கு ஒரு காலேஜ் பேசி வைத்துவிட்டது.

"இது நடந்துருச்சுன்னா நான் போகல. அல்லா மேல ஆணையா போகல" என்றார் ஹஃபீசாவிடம்.

அரபியும் விடவில்லை. அவன் குரல் போனில் வந்தால் தெரு முழுக்கக் கேட்கும். "யா சலாம்! வேன் இன்த? ஜனவரி ஆகிர். பாதேன் கலாஸ்!" எங்கே இருக்கிறாய், ஜனவரி கடைசிவரை இடம் இருக்கும், அப்புறம் வேறு ஆள். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

தெருவில் கேரவன் நுழையாது. சிறுவாச்சூரில் ரோட்டோரம் சிங்காரவேலுவின் தரிசு இருந்தது. ஐப்பசி மழை தொடங்குமுன் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுத்தார். நாலு மூலையிலும் ஜாக்கி ஏற்றினார். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்தார். சிலிண்டரை இறக்கினார். இதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

அன்று காலையில் ஹஃபீசாவும் வந்திருந்தாள். புது வீடு அல்லவா, சுத்தமாக இருக்கட்டும் என்று தரையை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மெத்தை உறையைக்கூட ஈரத்துணியால் துடைத்தாள். மத்தியானம் சலாம் வேலையை ஆரம்பித்தார். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, கூரையிலிருந்த காற்றுப் போக்கி, எல்லாவற்றிலும் பழுப்பு டேப். அதன்மேல் வெள்ளைத் தார்ப்பாய். அதன்மேல் கயிறு.

சிங்காரவேலு வரப்பில் குந்தி வேடிக்கை பார்த்தான்.

"பாய், சவத்தக்கூட இப்புடி இறுக்கிக் கட்ட மாட்டாங்க. கொஞ்சம் மூச்சு வுட எடம் வைங்க."

"மெஷின் வூட்டுக்கு மூச்சு எதுக்குப்பா?"

"உள்ள ஈரம் காஞ்சுதா, பாத்தீங்களா?"

"குவைத்துல கழுவி வுட்டுட்டு திரும்பிப் பாத்தா காஞ்சிருக்கும். நீ எத்தன கேரவன் பாத்துருக்க?"

"நான் கேரவன எங்க பாத்தேன்? மழையத்தான் பாத்துருக்கேன்."

"அப்ப மழையப் பத்திப் பேசு" என்றார் சலாம். சிங்காரவேலு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அந்த வருடம் மழை நின்று பெய்தது. சலாம் வாரம் ஒருமுறை ரெயின்கோட்டுக்குள் புகுந்து, பைக்கில் போய், தார்ப்பாயைச் சுற்றிவந்து தடவிப் பார்த்தார். ஒரு கிழிசல் இல்லை. வீட்டுக்கு வந்து, "ஒரு சொட்டு உள்ள போவல!" என்பார். போகவில்லைதான். உள்ளே இருந்தது வெளியே வரவும் இல்லை.

கார்த்திகையில் நாலு நாள் வெயில் அடித்தது. "ஒரு நாள் தொறந்துதான் போடுங்களேன்" என்றாள் ஹஃபீசா.

"டேப்பப் பிரிச்சா ஈரம் உள்ள போயிரும். ஒனக்கு இது தெரியாது."

"எனக்கு என்னதான் தெரியும்! பன்னெண்டு வாட்டி ஒங்கள ஏர்போட்டுக்கு அனுப்பத் தெரியும்."

ஜனவரி மூன்றாம் தேதி காலேஜிலிருந்து ஜெயசுதா மேடம் இடம் பார்க்க வந்தார். சலாம் சலவைச் சட்டையும் அத்தருமாக நின்றார். தார்ப்பாய் பளிச்சென்று இருந்தது. "பாருங்க மேடம், நேத்து செஞ்ச மாதிரி இருக்கும்" என்று டேப்பை ஒரே இழுப்பில் கிழித்துக் கதவைத் திறந்தார்.

முதலில் வந்தது வாடை. அழுகின வெங்காயக் கிடங்கைத் திறந்தால் வருமே, அது. கட்டில் பலகைகள் அப்பளம் மாதிரி உப்பியிருந்தன. மெத்தை முழுக்கக் கறுப்புப் பூசணம். கூரையிலிருந்து வியர்வை மாதிரித் தண்ணீர் முத்து முத்தாகத் தொங்கியது. சலாம் உள்ளே கால் வைத்தார். பிளைவுட் தரை சத்தமே இல்லாமல் முழங்கால்வரை அவரை உள்ளே வாங்கிக்கொண்டது.

மேடம் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினார். "சார், கால்ல அடி படலையே? பிள்ளைங்கள்ல ரெண்டு பேருக்கு வீசிங் இருக்கு… தப்பா நினைச்சுக்காதீங்க. நாங்க லாட்ஜே பாத்துக்கறோம்."

"ஒரு வாரம் டைம் குடுங்க மேடம். வெயில்ல போட்டு…"

"நாளன்னைக்கு பஸ் கிளம்புது சார்."

கார் போய்விட்டது. சிங்காரவேலு வந்து, கையைக் கொடுத்து அவரைத் தரையிலிருந்து தூக்கிவிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது பேசியிருக்கலாம் என்று சலாமுக்குத் தோன்றியது. மறுநாள் அவன் பேசினான், டீக்கடையில், சலாமின் குரலிலேயே, தோளை நிமிர்த்தி, வாட்சைத் திருப்பிக்கொண்டு: "மெஷின் வூட்டுக்கு மூச்சு எதுக்குப்பா?" கடையே உருண்டு சிரித்தது. வாசலில் நின்றிருந்த சலாம் டீ சொல்லாமலே திரும்பினார்.

கரூர்க்காரர் வந்து தட்டிப் பார்த்து, மேல்தகடும் சக்கரமும்தான் தேறும் என்றார். காலேஜ் வேறு எதுவும் வரவில்லை. ஜனவரி இருபத்தேழில் சலாம் போனை எடுத்து மொட்டை மாடிக்குப் போனார். கீழே ஹஃபீசா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பேசும் அரபு மொழி அவளுக்குப் புரியாது. ஆனால் முப்பது வயதில் எந்தக் குழைவோடு பேசினாரோ, ஐம்பது தாண்டியும் அதே குழைவு. அது புரிந்தது. மடித்ததில் அவருடைய சட்டைகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் வந்தது. ஃபஹ்மிதா ஸ்கூலுக்குப் போயிருந்தாள். இன்றைக்கு லீவு போடுகிறேன் என்று அவளும் கேட்கவில்லை, போடு என்று அவரும் சொல்லவில்லை. சலாம் பையோடு நடையில் நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் ஹஃபீசா வருவாள், துஆ ஓதி நெஞ்சில் ஊதிவிடுவாள், போயிட்டு வாங்க என்பாள்.

"ஹஃபீசா… கார் நிக்குது."

அவள் அடுப்படியிலிருந்தே சொன்னாள். "பன்னெண்டு வாட்டி நான் சொல்லியாச்சு. இந்த வாட்டி நீங்களே சொல்லிக்கிட்டுப் போங்க."

அவர் பையைத் தோளில் மாட்டினார். அப்புறம், யாருக்கும் கேட்காத குரலில், "போயிட்டு வரேன்" என்றார்.

உள்ளே மிக்ஸி ஓடத் தொடங்கியது.