முழங்கால் ஆழத்துத் தண்ணீர்

உச்சிப்புளி மீரா சாகிபுக்கு நான் அறுபது ரூபாய் கடன்பட்டிருந்தேன். வண்டியும் ஜோடி மாடும் அவரிடம் வாங்கியதில் நின்ற பாக்கி. வைகாசி பிறப்பதற்குள் தராவிட்டால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார். ஐம்பத்தைந்தாம் வருஷம் அது. இந்தக் கூத்தையா இன்று மூன்று லாரிக்குச் சொந்தக்காரன். அன்று வெறும் தண்ணீர் வண்டிக்காரன். வயது இருபத்தாறு, படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி.

அந்தக் கோடையில் கடற்கரைக்கு ரோடு போடவென்று பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாற்பது பேர் ரயிலில் வந்து இறங்கினார்கள். பனையோலைக் கொட்டகையில் பதினைந்து நாள் முகாம். தண்ணீர் கொண்டுவரும் வேலை எனக்கு. முகாம் முழுதாய் நடந்தால் எழுபத்தைந்து ரூபாய், நடுவில் கலைந்தால் ஒன்றும் கிடையாது என்று முகாம் அதிகாரி பொன்னுச்சாமி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எந்தக் கிணற்றில் இறைப்பது என்பதும் அந்தத் தாளில் இருந்தது. அது சரியான உவர்க் கிணறு. சொன்னேன். தாளில் உள்ளபடி செய் என்றார்.

இரண்டாம் நாளே பாதிப் பேருக்கு வயிறு கெட்டது. மூன்றாம் நாள் காலையில் பதினான்கு பேர் டிரங்குப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மீசை அரும்புகிற பையன்கள். அழுகையை மறைக்கக் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனால் மற்றவர்களும் போவார்கள். கூடவே என் மாடும் போகும்.

அவர்களுக்குத் தலைவன் போல நின்றவன் சேதுராமன், மானாமதுரைப் பக்கத்து விவசாயி மகன். "உப்புத் தண்ணிய வித்துக் காசு பாக்குறீக," என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏலே, இங்கனயே நல்ல தண்ணி கெடக்கு. நீங்களே தோண்டுங்க. கெடைக்கலன்னா பதினாலு பெட்டியையும் என் தலையில சொமந்து ரயில்ல ஏத்துறேன்."

மணல்மேட்டுக்குக் கூட்டிப்போனேன். கிணறு என்றால் ஆழம் என்பது சேதுராமன் கணக்கு. மண்வெட்டியால் இடுப்பளவு தோண்டினான். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. வாயில் வைத்தவன் துப்பினான். பையன்கள் என் தலையைப் பார்த்துச் சிரித்தார்கள். பதினான்கு பெட்டிக்கு இது தாங்குமா என்று ஒருவன் தொட்டுப் பார்க்கவே வந்துவிட்டான்.

நான் பத்தடி தள்ளி, முழங்கால் ஆழத்துக்கு மட்டும் மணலை அள்ளிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் கரையில் மழைத் தண்ணீர் மேலே நிற்கும், உப்பு அடியில் கிடக்கும். ஆழம் போனால் கெட்டது. ஒரு பீடி நேரத்தில் கசிந்து நின்றது. சிரட்டையில் மொண்டு நீட்டினேன். சேதுராமன் குடித்தான். இன்னொரு சிரட்டை கேட்டான்.

சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு ஊற்று. பனைமட்டையில் பெயர் கீறி நட்டுக்கொண்டார்கள். எவன் ஊற்று இனிப்பு என்று சண்டை வேறு. தான் தோண்டியதை அடுத்தவனுக்கு விட்டுவிட்டு ரயிலேற ஒருவனுக்கும் மனமில்லை. பதினான்கு பெட்டியும் கொட்டகைக்குத் திரும்பின. சமையலுக்கும் நான் ஊற்றுத் தண்ணீரே மொண்டு ஊற்றினேன். தாள் என்ன சொன்னால் எனக்கென்ன?

முகாமின் கடைசி நாள் பொன்னுச்சாமி அந்தத் தாளைப் பிரித்தார். கிணற்றுத் தண்ணீர் என்று எழுதியிருக்க, நான் ஊற்றுத் தண்ணீர் கொடுத்தேனாம். பையன்களையும் தோண்ட வைத்தேனாம். அதனால் பாதிப் பணம்தானாம்.

நாற்பது பெட்டியும் என் வண்டியில் மலைபோல் இருந்தன. ரயிலுக்கு முக்கால் மணி நேரம். வேறு வண்டி கிடையாது. நான் நுகத்தை இறக்கி, மாடுகளைக் கொண்டுபோய்ப் பனைமரத்தில் கட்டினேன்.

"அந்தத் தாள நுகத்துல பூட்டி ஓட்டிக்கிருங்க, சார்."

போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடச் சொன்னேன். சேதுராமன் வந்து என் பக்கத்தில் வண்டி நிழலில் உட்கார்ந்தான். "அண்ணே வண்டி பூட்டுனாத்தான் நாங்க வாரோம், சார்," என்றான். ஒவ்வொருவனாய் நாற்பது பேரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். பொன்னுச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார், பணப்பையைத் திறந்தார். முழுசாய் எழுபத்தைந்து. நான் நன்றி சொல்லவில்லை. உழைத்த காசுக்கு எதற்கு நன்றி?

ரயிலையும் பிடித்துக் கொடுத்துவிட்டு, அதே வண்டியை மீரா சாகிபு வீட்டுக்கு ஓட்டினேன். மறுநாள் வைகாசி. மாட்டை அவிழ்த்துப்போகத் தயாராய்க் கையில் கயிற்றோடு வாசலில் நின்றார்.

"கயித்தக் கீழ போட்டுட்டுக் கைய நீட்டுங்க, பாய்," என்றேன்.

நீட்டினார். தெருவுக்கே கேட்கும்படி ஒன்று, இரண்டு என்று எண்ணி, அறுபதையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.