லூர்து துப்பிய விதை

"ஏலே, யாருலே அது? பேண்ட்டு போட்ட ஆட்ட இப்பத்தான் பாக்குறேன்!"

சுருளிப்பட்டியில் ஒரு கிணற்றோரக் கொடியில் நான் தளிர் கிள்ளியபோது கேட்ட குரல் இது. மதலேனாளம்மா எனக்கு அறிமுகமானது இப்படித்தான். வருஷம் 1985. மயிலாடும்பாறையில் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்காகத் திராட்சைத் தோட்டங்களில் இலை சேகரித்துவந்தேன்.

செய்வதை விளக்கினேன். இலைச்சாற்றை ஜெல் என்னும் கூழ்த்தகட்டில் வைத்து மின்சாரம் பாய்ச்சிச் சாயமிட்டால் கோடுகள் தெரியும். ஒரே கொடியின் குச்சிகளை வெட்டி நட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே கோடுகள்தான். விதையில் முளைத்த கொடிக்கு மாறும். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாமே குச்சி நட்ட பன்னீர் திராட்சை.

அவர் குரல் இறங்கியது. "அப்ப இத எடுத்துட்டுப் போங்க தம்பி. எம்மக லூர்து தின்னுட்டுத் துப்புன விதையில மொளச்சது. மறுவருசமே காய்ச்சல்ல போயிட்டா."

கல்லறைத் திருநாள் வந்தால் அந்தக் கொடியின் குலையைத்தான் மகள் குழியில் வைப்பாராம்.

"அது சும்மா கொடி தம்பி, விடுங்க" என்றார் கணவர் பங்கிராஸ். கூச்சம் என்று நினைத்தேன்.

மதுரையில் சோதித்தபோது அதன் கோடுகள் பக்கத்துத் தோட்டத்து நல்லகண்ணுவின் கொடியோடு அப்படியே பொருந்தின. நம்பாமல் மறுபடி செய்தேன். அதேதான்.

"எம்புள்ள கொடி தனிதான தம்பி?" என்று, திரும்பிப் போன என்னை மதலேனாளம்மா வாசலிலேயே கேட்டார்.

"இல்லம்மா. குச்சி நட்ட கொடி. நல்லகண்ணு தோட்டத்துதும் இதும் ஒண்ணுதான்."

"ஒங்க மிசினுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு!" என்று சிரித்துக்கொண்டே கணவரைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை.

"புள்ள போனப்பறம் நீ ஒங்காத்தா வீட்ல படுத்துக் கெடந்தப்ப அது காஞ்சிருச்சு மதலே. அதுவும் போச்சுன்னு தெரிஞ்சா நீயும் போயிருவியோன்னு பயந்தேன். நல்லகண்ணுகிட்ட குச்சி வாங்கி அதே எடத்துல வச்சேன்."

"கவாத்து வெட்டுனதா சொன்னீகளே... அதான் கட்டையா இருக்குன்னீகளே!"

மதலேனாளம்மா கிணற்றோரக் கொடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இத்தன வருசமா ஊரான் கொடிப் பழத்தையா எம்புள்ள தலமாட்டுல வச்சேன்?"

அவர் அழவில்லை. கொடிக்கு ஊற்றக் கொண்டுவந்த குடத்தை அப்படியே இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனார்.

மதலேனாளம்மா அன்றிலிருந்து சின்னமனூரில் தங்கை வீட்டில் இருக்கிறார். பங்கிராஸ் சுருளிப்பட்டியில் தனியாக இருக்கிறார். கொடிக்கு அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். குலைகளை யாரும் பறிப்பதில்லை.