வண்டு தொடாத போஞ்சி

இலங்கை மலையகத்தில், எழுபதுகளின் பஞ்சத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கோயில் சுண்டலுக்கு எங்கள் வீட்டு முறை. ஹட்டன் கடைகளில் கடலை இல்லை. விதைக்கென்று அம்மா இரண்டு டின்களில் போஞ்சி, அதாவது பீன்ஸ், விதை வைத்திருந்தாள். பெரிய சிவப்பு விதையை வண்டு துளைத்துப் பொடியாக்கியிருந்தது. சிறிய புள்ளி விதையில் ஒரு துளைகூட இல்லை.

"பூச்சிகூட வாய் வைக்கல. சாமிக்கு இதுதான் சுத்தம்" என்றார் அப்பா.

அன்று மழை. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகள் ஈரத்தில் புகைந்தனவே தவிர எரியவில்லை. தண்ணீர் கொதிக்குமுன்பே கோயில் மணி அடித்துவிட்டது. அம்மா அரைவேக்காட்டில் இறக்கித் தாளித்தாள்.

பஜனை முடிவதற்குள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் வாந்தியெடுக்கத் தொடங்கினார்கள். பரிமாறிக்கொண்டிருந்த நாங்கள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. அதுவே வினையாயிற்று.

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப்போன அம்மாவைக் கண்டதும் பெண்கள் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள். "எல்லாப் புள்ளைகளும் கக்குது, இவ வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. கொத்மலையிலருந்து வாக்கப்பட்டு வந்தவ என்னாத்தப் போட்டாளோ!" என்றாள் அடுத்த வீட்டு அத்தை.

அன்று மாலை அப்பா லயத்து வாசலில் மூன்று கல் வைத்து, மிச்சமிருந்த புள்ளி விதையைத் தானே அரைவேக்காடாக அவித்தார். அம்மாவைக் கிட்டே வரவிடவில்லை. "எல்லாரும் பாத்துக்கங்க, இவ கை படல" என்று சொல்லிச் சாப்பிட்டார். நெடுநேரம் ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் கலையப் பார்த்தது. அப்பா இன்னொரு கிண்ணம் போட்டுக்கொண்டார்.

"பசியப் பாரு உங்கப்பாவுக்கு!" என்று என் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கடைசியில் வாந்தி வந்தது. வேட்டியெல்லாம் நனைய அப்பா குனிந்திருந்தார். "தண்ணி கொண்டாம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். யாரோ ஒருவரின் மகள்போல நான் நின்றேன். "போதும்ண்ணே, வெதைதான் ஆகாதது, நாந்தான் வாய விட்டுட்டேன்" என்று செம்பை நீட்டியது அந்த அத்தைதான்.

ஆசிரியையான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். போஞ்சி இனத்தில் ஏதோ ஒரு பழைய மரபணு, தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டு, படிக்குப் படி மாறி, விதைக்குக் காவலான புரதங்களைத் தந்திருக்கிறது. ஒன்று வண்டைத் தடுக்கும். இன்னொன்று நம் குடலைக் கலக்கும். நன்றாகக் கொதித்தால் அது அடங்கிவிடும். அந்த விதையை வண்டு தொடாததற்குச் சுத்தம் காரணமல்ல.

இவ்வளவும் விளங்கியது. இரண்டாவது கிண்ணம்தான் வெகுகாலம் விளங்கவில்லை. வாந்தி வராமல் போய்விடுமோ என்று அப்பா பயந்திருக்கிறார்.