ஆள்காட்டி விரலில் ஒரு மரு

என் அண்ணிக்குத் துணி ஆலையில் வேலை. விளக்கு மேசையின் மேல் துணி ஓட ஓட, வலது கை ஆள்காட்டி விரல் நுனியால் அதைத் தடவிப் பார்ப்பாள். கண்ணுக்குத் தப்பிய முடிச்சுகூட அந்த விரலுக்குத் தப்பாது. பதினாறு வருஷத்தில் அவள் "சரி" என்று அனுப்பிய துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

மருவுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? அந்த நுனியிலேயே வந்து உட்கார்ந்தது. முதலில் கடுகளவு, பிறகு மிளகளவு. ஓடுகிற துணியின் நூல் அதில் மாட்டி இழுபட்டது.

"கெட்டது ஒண்ணும் இல்ல, சாதாரண மருதான்" என்றார் தோல் டாக்டர். எடுக்க இரண்டு வழி சொன்னார். ஒன்று, கடும் குளிர்ச்சியான திரவத்தை வைத்து உறைய வைப்பது. கொப்புளம் கிளம்பி உதிரும். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் என்று நாலைந்து முறை வர வேண்டியிருக்கலாம். மற்றது லேசர். ஊசி போட்டுச் சுட்டு எடுப்பார்கள், பெரும்பாலும் ஒரே நாளில் முடியும்; புண் ஆறச் சில வாரம் ஆகும், தழும்பு விழலாம். மரு திரும்ப வராது என்று இரண்டிலும் சத்தியம் செய்ய முடியாதாம்.

நான் ஒரு அவசரக் குடுக்கை. "லேசரே வெச்சுக்கலாம் அண்ணி. யாரு நாலு தடவை லீவு கேட்டு சூப்பர்வைசர் மூஞ்சியில முழிக்கிறது?"

அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "லேசர் வெச்சா விரல் மரத்துப் போயிடுமா டாக்டர்?"

வலிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துவிட்டார் மனிதர். "நல்லா மரத்துப் போயிடும்மா, கிள்ளினாக்கூடத் தெரியாது!" என்றார் உற்சாகமாக.

அண்ணி விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன்.

"என் பொழப்பே அந்த நுனியிலதான்டி இருக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கையைப் பிடித்துத் திரும்ப இழுத்து வந்தேன். விஷயத்தைக் கேட்ட டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் சொன்னது ஊசியைம்மா. ரெண்டு மணி நேரத்துல தெளிஞ்சிடும். ஆனா தழும்பு விழுந்தா அந்த எடம் கொஞ்சம் மந்தமா இருக்கலாம். உறைய வெச்சாலும் சில பேருக்குக் கொஞ்ச நாள் அப்படி இருக்கும். வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்லுங்க."

அண்ணி யோசிக்கத்தான் நினைத்தாள். நான்தான் விடவில்லை. லேசரே நடந்தது.

மரு போயே போய்விட்டது. புண் ஆறியதும் அண்ணி வேலைக்குத் திரும்பினாள். வழக்கம்போல ஒரு துணிகூடத் திரும்பி வரவில்லை. என் யோசனைதான் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தோம். கிழிசல் இருக்கிறதா என்று அண்ணி ஒவ்வொன்றையும் மோதிர விரலால் தடவினாள்.

"என்ன அண்ணி, விரல் மாறிடுச்சு?"

"அந்த விரலுக்கு முன்ன மாதிரி தெரியறதில்லடி. மில்லுலயும் இப்ப இதுலதான் பாக்கறேன். பழக்கறதுக்குள்ள உசுரு போயிடுச்சு."

"மூணு மாசமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா நீ அழுவே" என்றாள் அண்ணி, அடுத்த சட்டையை எடுத்தபடி.

மிச்சத் துணியை நான் அழுதுகொண்டேதான் மடித்தேன்.